நடுவில் கிடந்த 5 அடி: ஒரு சிறிய வீட்டில் ஐலண்ட் மேடை பற்றி எடுத்த முடிவு

சென்னை மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடி. இரண்டு படுக்கையறைகள் கொண்ட 870 சதுர அடி வீடு. கணவன், மனைவி, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள், கணவரின் தாயார் என நான்கு பேர். சமையலறையைப் புதுப்பிக்க என்னை அழைத்த மருமகள், அழைக்கும் முன்பே ஒரு படத்தை அனுப்பியிருந்தார். விசாலமான கூடம், நடுவில் எந்தச் சுவரையும் ஒட்டாமல் தனித்து நிற்கும், வெள்ளைக் கல் பதித்த ஐலண்ட் மேடை, அதன் ஓரத்தில் மூன்று உயரமான முக்காலிகள், மேலே தொங்கும் விளக்குகள். “இது எங்கள் வீட்டில் வருமா?” என்று ஒரே வரியில் கேட்டிருந்தார்.

வருமா என்பதற்கு அளவு நாடா அரை மணி நேரத்தில் பதில் சொல்லிவிடும். வந்த பிறகு அங்கே யார், எந்த வேலையை, நின்று செய்வார்களா உட்கார்ந்து செய்வார்களா என்பதை நாடா சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு நான்கு நாட்களும் ஒரு டஜன் அட்டைப்பெட்டிகளும் தேவைப்பட்டன.

அளவுகள்

சமையலறை 10 அடி நீளம், 8 அடி அகலம். 80 சதுர அடி என்றால் ஏறக்குறைய 7.4 சதுர மீட்டர். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016), தனியாகச் சாப்பாட்டு இடம் உள்ள வீட்டின் சமையலறைக்குக் கேட்பது குறைந்தது 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும்தான். அந்தக் கணக்கில் இது நெருக்கடியான அறை அல்ல.

ஜன்னல் பக்கச் சுவர் நெடுக 2 அடி அகலச் சமையல் மேடை. அது ஒரு முனையில் ‘ட’ வடிவில் திரும்பி 5 அடியோடு நிற்கிறது. எதிர்ச்சுவருக்கு அப்பால் சாப்பாட்டுக் கூடம். அந்தச் சுவரில் 3 அடி வாசல், இரண்டரை அடிக்கு ஃபிரிட்ஜ், மீதி நாலரை அடியில் தரையிலிருந்து 7 அடி உயரம் வரை கடப்பாக்கல் அடுக்குகள். மேலே 10 அடி நீளத்துக்கும் பரண். அடுக்குகளின் ஆழம் 1 அடி. ஆகவே மேடைக்கும் அடுக்குக்கும் நடுவே 5 அடி அகலத்தில் வெறும் தரை கிடந்தது. “நடுவில் இவ்வளவு இடம் சும்மாதானே கிடக்கிறது?” என்று கணவர் கேட்டார். படத்தைப் பார்த்த கண்ணோடு சமையலறைக்குள் நுழைகிற எவருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்.

5 அடி என்பது 60 அங்குலம். அதில் 24 அங்குல மேடையை வைத்தால் இரு பக்கமும் 18 அங்குலம் மிஞ்சும். பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க முடியும். கீழ் இழுப்பறையைத் திறக்கவே இயலாது. அமெரிக்காவின் தேசிய சமையலறை, குளியலறைச் சங்கத்தின் வழிகாட்டுதலில், ஒருவர் சமைக்கும் இடத்தில் மேடைகளுக்கு இடையே 42 அங்குலமும், இருவர் சமைத்தால் 48 அங்குலமும் வேண்டும். வெறும் நடைபாதைக்கே 36 அங்குலம். நம் வீடுகளில் இதில் சில அங்குலம் குறைத்துக்கொள்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் 18 அங்குலத்தை எந்தக் கணக்கிலும் நடைபாதை என்று சொல்ல முடியாது.

எனவே சுவரை எடுத்துவிட்டுப் பார்ப்போம் என்றார்கள். அது நாலரை அங்குலச் செங்கல் தடுப்புச் சுவர். தூண்களும் உத்திரங்களும் தாங்கும் கட்டடத்தில் இப்படிப்பட்ட சுவர் பெரும்பாலும் பாரம் சுமப்பதில்லை. ஆனாலும் கட்டட வரைபடத்தைப் பார்த்த கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் எழுத்தில் சொல்லாமல் நான் எந்தச் சுவரிலும் சுத்தியல் வைக்க விடுவதில்லை. இங்கே அவர் எடுக்கலாம் என்றே சொன்னார். குடியிருப்போர் சங்கமும் தடை சொல்லவில்லை.

சுவர் இல்லாமல் கணக்கு மாறியது. ஜன்னல் மேடை 24 அங்குலம், நடுவில் நிற்க 42, ஐலண்ட் மேடை 24, முக்காலியில் உட்காருபவரின் முழங்காலுக்காகக் கல் வெளியே நீள 12. மொத்தம் 102 அங்குலம். உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் ஒருவர் நடந்து போக இன்னும் 44. சமையலறையும் சுவரும் 9 அடிக் கூடமும் சேர்ந்து 208 அங்குலத்துக்குச் சற்று அதிகம். எல்லாம் போக 62 அங்குலம் மிஞ்சியது. சாப்பாட்டு மேசையைக் கூடத்தின் சுவரோடு ஒட்டிப் போட அது போதும். ஆனால் சாய்ந்து நிற்கச் சுவரை இழந்த ஃபிரிட்ஜ் வந்து நிற்க வேண்டிய இடமும் அதுதான். நீளவாக்கிலும் சிக்கல் இருந்தது. இரு முனையிலும் 3 அடி வழி விட்டால் ஐலண்டுக்குக் கிடைப்பது 4 அடி. ஒருவருக்கு 24 அங்குலம் என்றால் அதில் இரண்டு பேர்தான் உட்காரலாம். வீட்டில் நான்கு பேர்.

சுவரோடு போகக்கூடியது எவ்வளவு என்பதைப் பலர் கூட்டிப் பார்ப்பதில்லை. இந்தச் சுவரில் அடுக்குகள் மட்டும் 31 கன அடி. பரண் 10 அடி நீளம், 2 அடி ஆழம், 2 அடி உயரம், ஆக 40 கன அடி. புதிய ஐலண்டின் வயிற்றில் 20 கன அடிக்கு மேல் கொள்ளாது. 50 கன அடிப் பாத்திரங்களும் மளிகையும் தெருவில் நிற்கும். வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் இறங்கும் முறுக்கு உழக்கும் இட்லி அண்டாவும் பரணில் இருப்பதால்தான் மேடை மேடையாக இருக்கிறது.

எதற்காக வேண்டும்?

இவ்வளவையும் தாளில் போட்டுக் காட்டியபோது மருமகளின் முகம் வாடிவிட்டது. நான் அந்தப் படத்தை மூடச் சொல்லிவிட்டு, இப்போதைய சமையலறையில் எது கஷ்டம் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். இரண்டு விஷயம் சொன்னார். கொதிக்கும் குக்கரை இறக்கி வைக்க இடமில்லை. சமைக்கும் நேரமெல்லாம் சுவரைப் பார்த்தே நிற்கிறேன், மகள் முதுகுக்குப் பின்னால் கூடத்தில் இருக்கிறாள். இரண்டாவதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. நான் அதை அழகுக்கான ஆசை என்று எண்ணியிருந்தேன். அது அப்படியல்ல.

முதல் குறைக்கு உடனே நாடாவை எடுத்தேன். 10 அடி மேடையும் 5 அடித் திருப்பமும் இருந்தும், எந்தப் பொருளும் இல்லாத வெறும் கல் 22 அங்குலம்தான் இருந்தது. மீதியை அடுப்பும் சிங்க்கும் போக, கிரைண்டர், மிக்சி, குடிநீர் வடிகட்டி, பாத்திரம் கவிழ்க்கும் கூடை, இண்டக்‌ஷன் அடுப்பு, எண்ணெய்த் தூக்கு, உப்பு புளி ஜாடிகள் என்று பொருள்கள் பிடித்துக்கொண்டிருந்தன. மேடை போதாமல் இல்லை. மேடையில் குடியிருப்பவை அதிகம்.

சமையலறை வடிவமைப்பில் ‘வேலை முக்கோணம்’ என்று ஒன்று சொல்வார்கள். 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான கருத்து அது. சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் மூன்றுக்கும் இடையிலான ஒவ்வொரு தூரமும் 4 முதல் 9 அடிக்குள், மூன்றும் கூடினால் 26 அடிக்குள் இருக்க வேண்டும். இந்த வீட்டில் மூன்றும் சேர்ந்தே 16 அடியைத் தாண்டவில்லை. ஐலண்ட் வந்தால் ஃபிரிட்ஜ் கூடத்தின் தூரச் சுவருக்குப் போய், மேடையிலிருந்து 13 அடி தள்ளி நிற்கும். தயிர் எடுக்க ஐலண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு நடை. அந்த முக்கோணத்தை வரைந்தவர்களின் சமையலில் மாவரைப்பதும் சட்னி அரைப்பதும் கிடையாது. நம் காலை நேரம் மிக்சியைச் சுற்றித்தான் நடக்கிறது. ஆகவே நான் எப்போதும் அதை நான்காவது முனையாக வைத்தே வரைகிறேன்.

தீயும் தண்ணீரும்

ஐலண்டில் அடுப்பு வைக்கலாமா என்று கேட்டார்கள். இதற்கு நான் யோசிக்கவே இல்லை, வேண்டாம் என்றேன். சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. சிலிண்டரை ஐலண்டின் அடைத்த அலமாரிக்குள் வைப்பதும் தவறு. கசியும் எரிவாயு காற்றைவிடக் கனமானது, வெளியேற வழியில்லாமல் தரையில் தேங்கும். தரைக்கடியில் செம்புக் குழாய் போடலாம், செலவு ஒருபுறமிருக்க, சிம்னியைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு அதன் புகைக்குழாயை உத்திரத்தைச் சுற்றி வெளியே கொண்டுபோக வேண்டும். காய்ந்த மிளகாயும் கடுகும் வெடிக்கும் தாளிப்பின் நெடியைச் சுவரை ஒட்டிய சிம்னியே திணறித்தான் இழுக்கிறது. நாலாபக்கமும் திறந்த அடுப்பில் அது கூடத்துத் திரைச்சீலைக்குப் போய்ச் சேரும். எட்டு வயதுக் குழந்தை ஓடுகிற பாதையின் ஓரத்தில் எண்ணெய்ச் சட்டி இருப்பதை நினைக்கவும் எனக்கு மனமில்லை.

சிங்க்கும் முடியாது. கழிப்பறைத் தளத்தைப்போலச் சமையலறைத் தளம் பள்ளமாக வார்க்கப்படவில்லை. கழிவுநீர் ஓடுவதற்கான வாட்டம் கிடைக்க, நடுவிலிருந்து சுவர் வரை தரையைச் சில அங்குலம் உயர்த்த வேண்டும். தாயாரின் முழங்காலுக்கு அந்தப் படி ஒரு தினசரித் தண்டனை.

தீயும் தண்ணீரும் இல்லாத ஐலண்ட் ஒரு மேசைதான். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு மேசை இருந்தது.

அட்டைப்பெட்டி ஐலண்ட்

ஆனாலும் என் கணக்கை நம்பி அவர்கள் ஆசையை விட்டுவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வாழ்ந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். வரைபடத்தில் ஐலண்டின் வெளி விளிம்பு, இப்போதைய சுவரின் கூடப்பக்க முகத்தோடு ஏறக்குறைய ஒன்றாக வந்தது. இது பெரிய வசதி. கூடத்துப் பக்கம் சுவரை ஒட்டி 36 அங்குல உயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கி மேலே பலகை போட்டோம். தெரிந்த கடையில் இரண்டு உயர முக்காலிகளை இரவல் வாங்கினோம். சாப்பாட்டு மேசையை மூலைக்குத் தள்ளினோம். சமையலறைக்குள் அடுக்குகளுக்கு முன்னால் இன்னொரு வரிசைப் பெட்டிகள், மேடைக்கும் அவற்றுக்கும் நடுவே சரியாக 42 அங்குலம் விட்டு. ஒரு வியாழனில் தொடங்கி ஞாயிறு வரை இப்படியே சமைத்துச் சாப்பிடுங்கள் என்று சொன்னேன். வியாழன் காலை 6 மணிக்கு நானும் போய் ஓர் ஓரத்தில் நின்றேன்.

ஒருவர் மட்டும் இருந்தவரை 42 அங்குலம் தாராளமாக இருந்தது. தாயார் காப்பி போட வந்ததும் இடம் சுருங்கியது. கீழ் இழுப்பறையை இழுத்தால் அது 20 அங்குலம் வெளியே வருகிறது. மீதி 22 அங்குலத்தில் கொதிக்கும் பாலோடு ஒருவர் கடக்க வேண்டும். அன்று காலை இருவரும் எத்தனை முறை “கொஞ்சம் நகருங்கள் அத்தை”, “இரும்மா, சூடு” என்று சொல்லிக்கொண்டார்கள் என்று எண்ணத் தொடங்கி, பதினொன்றில் நிறுத்திவிட்டேன்.

சும்மா கிடந்ததாகச் சொல்லப்பட்ட அந்த 5 அடித் தரையில் என்னென்ன நடந்துவந்தது என்பது பெட்டிகள் வந்து அடைத்த பிறகே தெரிந்தது. அரிசி மூட்டை வந்தால் முதலில் இறங்குவது அங்கேதான். மாவு பொங்கும் பெரிய பாத்திரம் இரவில் இருப்பது அங்கே. பருப்பைப் புடைக்க முறத்தோடு வேலைக்கார அம்மா உட்காருவது அங்கே. சனிக்கிழமை நாத்தனார் குடும்பம் வந்தபோது, வழக்கமாகப் பெண்கள் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பூண்டு உரிக்கும் இடமும் அதுவே. நம் அடுப்படிகளில் தரையும் ஒரு மேடைதான். அம்மியும் அரிவாள்மணையும் இருந்த காலத்தில் முழுச் சமையலும் அந்த மட்டத்தில் நடந்தது. நின்று சமைக்கும் மேடை வந்த பிறகும் தரை தன் வேலையை முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை.

எல்லாவற்றையும் தீர்த்து வைத்தது வெள்ளிக்கிழமை காலை. தாயாருக்கு வயது 68. முழங்கால் வலியால் அவரால் இப்போது தரையில் உட்கார முடியாது. கீரை ஆய்வது, சின்ன வெங்காயம் உரிப்பது, அவரைக்காய் நாரெடுப்பது என்று நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாத வேலையைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவர்தான் செய்துவந்தார். அன்று முருங்கைக்கீரையோடு வந்து, மூலையில் நெருக்கிக் கிடந்த மேசையைப் பார்த்தார். உயர முக்காலியைப் பார்த்தார். ஏற முயன்றார். 26 அங்குல உயரம், கால் தரையைத் தொடவில்லை, பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. இறங்கிவிட்டு மருமகளிடம் கேட்டார்: “நான் எங்கேம்மா உட்காருவது?”

அதில் குறை சொல்லும் தொனி இல்லை. கீரையை எங்கே கொட்டுவது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மருமகள் பதில் சொல்லாமல் போய் மேசையைப் பழைய இடத்துக்கு இழுத்தார். ஞாயிறு வரை காத்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து எனக்கு நினைவில் ஓடியது ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை. 1926இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக வடிவமைத்தது. 6.5 சதுர மீட்டர் அளவே கொண்ட ஒடுக்கமான அறை. எங்கள் மடிப்பாக்கம் அறையைவிடச் சிறியது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் பாட்டி என்று அதைச் சொல்வார்கள். அதன் இழுப்பறைகளையும் அடுக்குகளையும் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். ஜன்னலடியில் வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு வேலைப் பலகையும், உட்கார்ந்து நறுக்க ஒரு சுழல் முக்காலியும் அவர் வைத்திருந்தார். அதை மட்டும் விட்டுவிட்டோம். நூறாண்டுக்கு முன்பே ஒரு பெண், சமையல் வேலையில் உட்காருவதற்கும் இடம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

எங்கே பொருந்தியது

சிறிய வீடு என்றாலே ஐலண்ட் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இதைவிடச் சிறிய, ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்றில் நானே போட்டிருக்கிறேன். வேலைக்குப் போகும் இளம் தம்பதி. கூடமும் சமையலறையும் முதலிலேயே ஒரே அறையாகக் கட்டப்பட்டிருந்தன, எடுக்க வேண்டிய சுவரே இல்லை. 11 அடி அகலத்தில் ஒரே ஒரு சுவரில்தான் மேடை. அவர்களிடம் சாப்பாட்டு மேசை கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை. மேடை 24, இடைவெளி 42, ஐலண்ட் 24, அப்பால் 42 என்று அங்குலம் பிசகாமல் அமைந்தது. அவர்கள் அதில் நறுக்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், இரவில் மடிக்கணினி வைத்து வேலை செய்கிறார்கள். அங்கே ஐலண்ட் எதையும் தள்ளிவிட்டு வரவில்லை. இல்லாத மேசையின் இடத்தில் வந்தது.

ஒரு சுவரில் மட்டும் மேடை உள்ள அறைக்குப் பத்தரை அடி அகலம், எதிரெதிர் இரு சுவரிலும் மேடை இருந்தால் 13 அடி. இதற்குக் கீழே யாராவது கேட்டால் நான் முதலில் பெட்டிகளைத்தான் அடுக்கச் சொல்கிறேன்.

என்ன செய்தோம்

சுவர் நின்றது, பரணும் நின்றது. குடிநீர் வடிகட்டி சுவரில் ஏறியது. பாத்திரக் கூடைக்குச் சிங்க்குக்கு மேலே எவர்சில்வர் அடுக்கு. கிரைண்டருக்குத் துணி துவைக்கும் பின்கட்டில், குனியாமல் மாவு வழிக்கும் உயரத்தில் ஒரு கல். ஜாடிகள் அடுப்பருகே இழுப்பறைக்குள் போயின. வெறும் கல் 22 அங்குலத்திலிருந்து மூன்றரை அடியானது. புதிய மேடையை மருமகளின் முழங்கையிலிருந்து 5 அங்குலம் கீழே அளந்து 33 அங்குல உயரத்தில் கட்டினோம்.

‘ட’வின் திருப்பத்துக்கு எதிர் முனையில், ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில், மூன்றடி நீளத்துக்கு மட்டும் மேடையை 29 அங்குலத்துக்கு இறக்கினோம். கீழே அலமாரி இல்லை. கைப்பிடி வைத்த நாற்காலி முழுதாக உள்ளே போகும். அது அத்தையின் இடம். மாலையில் மகள் அங்கே வீட்டுப்பாடம் எழுதுகிறாள். கடப்பாக்கல் அடுக்குகளில் கை மட்டத்தில் இருந்த ஒன்றின் பின்சுவரை மூன்றடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்கு எடுத்து, திறப்புக்கு மேலுள்ள சுவரைத் தாங்கச் சிறிய லிண்டல் வைத்தோம். தோசை கல்லிலிருந்து நேராக மேசைக்குப் போகிறது. சுவரை இடித்து ஐலண்ட் போட முதலில் நான் கொடுத்த மதிப்பீட்டில் பாதிகூட ஆகவில்லை.

எட்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். அடுப்பின் முன் நிற்கும்போது மருமகள் இன்னமும் ஜன்னல் சுவரைத்தான் பார்க்கிறார். அதை என்னால் மாற்ற முடியவில்லை. மகள் இப்போது கூடத்தில் இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர் சொன்னார். ஒரு தவறு என்னுடையது. மேல் மேடை கீழ் மேடையைச் சந்திக்கும் விளிம்பில் தடுப்பு வைக்காமல் விட்டிருந்தேன். மேலே சிந்தும் தண்ணீர் வழிந்து, குழந்தையின் நோட்டுப் புத்தகம் இரண்டு முறை நனைந்திருக்கிறது. ஒரு பழைய துண்டைச் சுருட்டி அங்கே வைத்திருந்தார்கள். மறுவாரம் கல் பதிக்கும் மேஸ்திரியை அழைத்துப்போய் அந்த விளிம்பில் 1 அங்குலக் கிரானைட் பட்டியை ஒட்டிக் கொடுத்தேன்.